கேமராவுக்கு முதுகு

ஆம்ப்ரோஸ் டல்லியின் முகத்தைப் பார்க்காத அமெரிக்கன் அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாது. பெயரைக் கேட்டிருந்தவன்தான் யாரும் கிடையாது. கதாநாயகன் போய் நிற்கும் வங்கியில் உதட்டைப் பிதுக்கும் மேனேஜர், கதாநாயகியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் ஓட்டல் சிப்பந்தி, கொலை விழுந்த வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கும் போலீஸ்காரர், தூக்கத்தில் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி, எல்லாம் அவர்தான். தெருவில் போகும்போது ஆட்கள் நிறுத்துவார்கள். "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே! எங்க மாமனாருக்குப் பல்லு கட்டினது நீங்கதானே?" என்பார்கள். ஆரம்பத்தில், "இல்லைங்க, நான் நடிகன்" என்று சொல்லிப் பார்த்தார். கேட்டவன் முகத்தில் விழும் ஏமாற்றத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. போகப் போக, "ஆமாங்க, பல்லெல்லாம் இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரிக்கப் பழகிக்கொண்டார்.

அவர் செத்தபோது இரண்டு பத்திரிகைகள் நாலு வரி போட்டன. இரண்டிலும் "அன்பு ததும்பும் முகம்" என்று எழுதியிருந்தார்கள். அன்பாவது மண்ணாவது. அந்த முகத்துக்குப் பின்னால் எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்தது என்று அவர் மனைவி வெர்னாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை.

பிறந்தது நியூயார்க்குக்கு வடக்கே டிராய் என்ற ஊரில். சட்டையில் தனியாக மாட்டிக்கொள்ளும் காலர்களைத் தைத்து, வெளுத்து, கஞ்சி போட்டு நாடெங்கும் அனுப்பிய ஊர் அது. அப்பா வெளுப்பு ஆலையில் கொதிகலனுக்குக் கரி தள்ளினார். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அக்கா டீலியாதான் இஸ்திரி வேலைக்குப் போய்க்கொண்டே தம்பியை வளர்த்தாள். பையன் ஆலையில் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டார். திரை இழுத்தார், பெட்டி சுமந்தார், கூட்டத்தில் ஒருவராகக் கத்தினார்.

அந்தக் கம்பெனிகளில் ஒரு சட்டம் உண்டு. ராஜபார்ட் என்றால் ராஜபார்ட்தான். வில்லன் என்றால் வில்லன்தான். வாரம் ஒரு நாடகம் மாறும், ஆளுக்கு வாய்த்த வேஷம் மாறாது. ஒருநாள் கம்பெனியின் கிழவர் வேஷக்காரர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்து, டல்லியின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இந்த மூஞ்சிக்கு இளமை ஒத்து வராதுடா. தலையில மாவப் பூசு" என்றார். அன்றைக்கு டல்லிக்கு வயது இருபத்திரண்டு. பூசிய மாவு பூசியதுதான். அதற்குப் பிறகு அவர் மேடையில் இளைஞனாக ஒரு நாள்கூட நிற்கவில்லை. வெர்னா அதே கம்பெனியில் கதாநாயகியின் தோழியாக வருவாள், நன்றாக ஆடுவாள். மேடையில் அவளுக்கு அப்பாவாக வந்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போய் வாயில் முத்தம் கொடுப்பார் டல்லி. அப்படித்தான் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு வேலை அவருக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. தோழிகளுக்கு வயதாகக் கூடாது, கிழவர்களுக்கு ஆகலாம். வெர்னா ஒரு பெரிய கடையில் கையுறை விற்கும் பிரிவில் சேர்ந்தாள். நாள் முழுக்க அடுத்தவர்களின் விரல்களை உறைக்குள் நுழைத்துவிட்டு வந்து, ராத்திரி அவருடைய கோட்டுக்குப் பித்தான் தைப்பாள். "என் பங்குக்கும் சேர்த்து நீதான் நடிக்கணும், தெரியுதா?" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் விளையாட்டில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இருபத்துநாலு வருஷம் மாமாக்களாகவும் பாதிரியார்களாகவும் வந்துபோன பிறகு, நாற்பத்தாறாவது வயதில் அவருக்கு சைலஸ் கிடைத்தான்.

நாடகத்தின் பெயர் "எடைக்கொட்டகை". நிலக்கரிச் சுரங்கத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் வண்டியையும் எடை போட்டு எழுதும் குமாஸ்தா சைலஸ். எடைக்குத் தகுந்த கூலி. முதலாளி மிரட்டியதால் வருஷக்கணக்காக எல்லோருக்கும் எடையைக் குறைத்தே எழுதி வந்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த சிநேகிதன் ஜோனாவுக்கும் சேர்த்துத்தான். கடைசிக் காட்சியில் கொட்டகை வாசலில் ஜோனாவை நிறுத்தி வைத்து உண்மையைச் சொல்லிவிடுகிறான். அதற்கு ஜோனா சொல்வது ஒரே வரி: "எனக்குத் தெரியும், சைலஸ். வா, மழை வரப்போவுது." அதைக் கேட்டதும் சைலஸ் உடைந்து போகிறான். பேச்சே இல்லை. திரை விழுகிறது.

ஜோனாவாக வந்தவன் பெர்ட் ஆம்ஸ்லி. பால்கனியில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பது அவனுடைய வேதம். "எனக்குத் தெரியும்!" என்று போலீஸ் ரெய்டு வந்தது போல முழங்குவான். டல்லி ஒருநாள் ஒப்பனை அறையில் கெஞ்சிப் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவா சொல்லேன், பெர்ட். ஷூ லேஸ் அவுந்திருக்குன்னு ஒருத்தன்கிட்ட சொல்வோமில்ல, அந்த மாதிரி."

"ஏன், லேஸ் அவுந்ததுக்கா நீ தேம்பித் தேம்பி அழப்போற? உன் அழுகைய நீ பாரு, கிழவா. என் தொண்டைய நான் பாத்துக்கறேன்."

அதோடு விட்டார். எதிரில் நிற்பவன் ஒன்றும் கொடுக்காதபோது அழுகையை எங்கிருந்து எடுப்பது? தனக்குள்ளிருந்தே பிடுங்கித்தான் எடுத்தார், இரண்டு வருஷம், தினமும். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாடக அரங்கின் வாசல் விளக்குகளில் டல்லியின் பெயர் எரிந்தது. வெர்னா கடை விட்டு வரும்போது இரண்டு தெரு சுற்றிக்கொண்டு அந்த வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள்.

பிறகு ஹாலிவுட்காரர்கள் நாடகத்தை வாங்கினார்கள்.

டல்லியின் ஏஜெண்ட் மோ பின்கஸ், எல்லோரையும் "கண்ணு" என்று கூப்பிடுகிற ஆள். உப்புக்கண்ட மாட்டிறைச்சி சாண்ட்விச்சை வாயில் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். "கண்ணு, ஸ்டூடியோல ஒன்னக் கூப்புடறாங்க. 'எடைக்கொட்டகை' படத்துக்கு. ஒப்பந்தம் வந்தாச்சு."

"சைலஸ்தானே?"

"பின்ன ஒன்னக் கூப்பிட்டுக் குதிரைக்கா வேஷம் குடுப்பாங்க?"

ஒப்பந்தத்தில் சைலஸ் என்ற பேரே இல்லை என்பதை மோ கவனிக்கவில்லை. கவனித்தும் சொல்லாமல் இருந்தாரோ என்னவோ. டல்லிக்குத் தலைகால் புரியவில்லை. நாடகம் என்பது திரை விழுந்ததும் காற்றோடு போய்விடும், படம் நிற்கும். கிழவர் மாவுக்கு அடியில் இருக்கிற முகத்தை ஒரே ஒரு தடவை நாடு முழுக்கப் பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு செத்தாலும் சரி என்று வெர்னாவிடமே சொன்னார். வெர்னா கையுறைக் கடைக்கு முழுக்குப் போட்டாள். டிராய் ஊர்ப் பத்திரிகை, "நம்ம ஊர்க்காரர் சைலஸாக நடிக்கிறார்" என்று பெரிய எழுத்தில் போட்டது. டீலியா அதைக் கத்தரித்து கைப்பையில் வைத்துக்கொண்டு சர்ச்சில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினாள்.

ஸ்டூடியோவில் முதல் நாள். டைரக்டர் லைல் பெக்கர் நல்ல மனுஷர் போலத்தான் கை குலுக்கினார்.

"வாங்க மிஸ்டர் டல்லி, நல்லவேளை வந்தீங்க. நாடகம் உங்களுக்குத் தலைகீழாத் தெரியும். இங்க நில்லுங்க, தொப்பியப் போட்டுக்கங்க. முதுக கேமராவுக்குக் காட்டணும், முகத்த அந்தப் பக்கம். ஜோனா வசனத்த நீங்க சொல்லுங்க. சைலஸுக்கு இன்னிலேர்ந்து டெஸ்ட் எடுக்கறோம்."

டல்லிக்குப் புரிய நேரமாயிற்று. "சைலஸ் நான்தானேங்க."

"அது நியூயார்க்ல. இங்க இன்னும் யாருமில்ல." பெக்கர் சிரித்தார். "பயப்படாதீங்க. உங்களுக்கும் டெஸ்ட் உண்டு, எல்லாருக்கும் கடைசில. மத்தவங்களுக்குத்தான் ஒத்திகை வேணும், உங்களுக்கு எதுக்கு?"

டெஸ்ட் எடுப்பது அங்கே அன்றாட வேலை. வேஷத்துக்கு ஆசைப்படுகிறவன் முகத்தைக் கேமராவுக்குக் காட்டி நிற்பான். எதிரே ஒருவன் முதுகைக் காட்டி நின்று அவனுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பான். படச்சுருளில் அந்த முதுகுக்காரனின் ஒரு தோளும் ஒரு காதும் தெரியும். சம்பளம் உண்டு, பேர் கிடையாது. நியூயார்க்கில் வாசல் விளக்குகளில் பெயர் எரிந்த மனுஷன், தன்னுடைய வேஷத்தைப் பறிக்க வந்தவர்களுக்கே தோளையும் காதையும் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ரயில் ஏறித் திரும்பிப் போயிருக்கலாம். மோவிடம் போனில் கேட்டதற்கு, "பொறுமையா இரு கண்ணு, அவங்க கண்ணுல படற எடத்துலயே நில்லு" என்றார். எதைப் படவைப்பது? முதுகையா?

வந்தவர்களைப் பார்த்த பிறகு கோபம் கொஞ்சம் தணிந்தது. ஒருவர் சைலஸை ரோமாபுரி செனட்டர் போலப் பேசினார். ஒருவர் கண்ணீர் வருவதற்காக வெங்காயத்தைக் கைக்குட்டையில் மறைத்து வைத்திருந்தார், அதன் நெடியில் அழுதது கேமராக்காரர்தான். ஒருவருக்கு வசனமே மனசில் நிற்கவில்லை. டல்லி ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து வெர்னாவுக்கு நடித்துக் காட்டுவார், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மேலிடத்தில் சலித்துப் போய்விட்டார்கள், கடைசியில் உங்களிடம்தான் வருவார்கள் என்று லைட்மேன்களே டல்லியிடம் சொன்னார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்.

வான்ஸ் கரிங்டன். ஊமைப்படக் காலத்தில் பெண்கள் தலையில் தூக்கி வைத்து ஆடிய அழகன். பேசும்படம் வந்ததும் குரல் எடுபடாமல் ஒதுங்கினவன், மிச்சத்தைச் சாராயம் பார்த்துக்கொண்டது. அவன் பெயருக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு இருக்கிறதே என்று மேலிடத்துக்கு ஒரு நப்பாசை.

அன்று காலையில் வெர்னா வாணலியில் பான்கேக் திருப்பிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு ஒரு காரியம் பண்ணு, ஆம்ப்ரோஸ். அவனுக்கு ஒண்ணும் குடுக்காத."

"என்ன ஒண்ணும் குடுக்காத?"

"தெரியாத மாதிரி கேக்காத. ரயில் டைம் சொல்றவன் மாதிரி வசனத்த ஒப்பிச்சிட்டு வா. அவன் மரமா நிப்பான். முடிஞ்சது. நீ யாருக்கும் கெடுதல் பண்ணல. சும்மா இருந்தாப் போதும். எனக்காக ஒரு நாள் சும்மா இருக்க முடியாதா உன்னால?"

"முடியும்" என்றார் டல்லி. மனசாரத்தான் சொன்னார்.

முதல் டேக்கில் அப்படியே செய்தார். "எனக்குத் தெரியும் சைலஸ் வா மழை வரப்போவுது." டிக்கெட் கிழிக்கிறவன்கூட அதைவிட உணர்ச்சியோடு பேசியிருப்பான். கரிங்டன் மரமாக நின்றான். இரண்டாவது டேக்கிலும் மரம். பெக்கர் நாற்காலியில் சாய்ந்து கண்ணைக் கசக்கினார். மேக்கப் பெண் கரிங்டனின் வியர்வையைத் துடைத்தாள். டல்லிக்கு உள்ளே ஒரு சின்னக் குஷி, மறைப்பானேன்.

மூன்றாவது டேக். சைலஸ் உண்மையைச் சொல்லும் இடம். கரிங்டனின் வசனம் வழக்கம்போலக் கட்டையாகத்தான் வந்தது. ஆனால் அவனுடைய வலது கை கோட்டுப் பையைத் தேடியது. பை அந்த உடுப்பில் அந்த இடத்தில் இல்லை. கை தேடித் தேடி இடுப்பிலேயே தடவிக்கொண்டிருந்தது. அது நடிப்பில்லை. நிஜமாகவே வெட்கப்படுகிற மனுஷனின் கை, ஒளிந்துகொள்ள இடம் தேடியது.

மேடையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் நிற்பவன் நிஜமாக ஒன்றைக் கொடுத்துவிட்டால் பதிலுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. அவன் எதிரியாக இருந்தாலும் சரி, தன் சோற்றில் மண்ணள்ளிப் போட வந்தவனாக இருந்தாலும் சரி. டல்லி யோசிக்கவேயில்லை. யோசித்திருந்தால் வெர்னா ஞாபகம் வந்திருக்கும். வாய் தானாகத் திறந்தது.

"எனக்குத் தெரியும், சைலஸ்." சின்னக் குரல். திட்டு இல்லை, மன்னிப்புகூட இல்லை, ரொம்ப நாளாகத் தெரிந்துவைத்துக்கொண்டு கூடவே நடந்துவந்தவனின் குரல். "வா. மழை வரப்போவுது."

இரண்டு வருஷமாக யாராவது தன்னிடம் இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று அவர் காத்திருந்த வரி. அதைத்தான் எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்தார்.

கரிங்டன் அவரையே பார்த்தான். உதடு கோணியது. பிறகு நின்ற இடத்திலேயே நொறுங்கினான். சத்தமில்லாமல், முகத்தை மறைக்கக்கூடத் தோன்றாமல், பழைய அழகெல்லாம் வழிந்து இறங்க அழுதான். "கட்" சொல்ல பெக்கருக்கு வாய் வரவில்லை. மேக்கப் பெண் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் கைதட்டல், ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பது, மேலிடத்துக்கு போன். கரிங்டனைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார்கள். போகும்போது அவன் டல்லியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவனுக்கே என்ன நடந்தது என்று தெரிந்திருக்காது.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டல்லி கேட்டார். "மிஸ்டர் பெக்கர், என்னோட டெஸ்ட்?"

பெக்கர் அவரை ஒரு கணம் யாரென்று தெரியாதது போலப் பார்த்தார். பிறகு பாவம், உண்மையாகவே சங்கடப்பட்டார். "அடடா, டல்லி... லைட்டெல்லாம் அணைச்சாச்சே."

வீட்டில் நடந்ததைச் சொன்னார். பொய் சொல்லியிருக்கலாம், கரிங்டன் இயற்கையிலேயே பிரமாதம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தியும் வரவில்லை. கையின் கதையையும் சொன்னார், வரியை எப்படிச் சொன்னார் என்பதையும் சொன்னார். கொஞ்சம் பெருமையோடேயே சொல்லிவிட்டார், அதுதான் வெர்னாவால் தாங்க முடியவில்லை.

"நல்லா சொன்னியா?" என்றாள்.

"நல்லா வந்துது, வெர்னா."

"சந்தோஷம். அவன் பொண்டாட்டி இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவா." தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டாள். "இருபது வருஷமா கண்டவ கைக்கெல்லாம் உறை மாட்டி விட்டேன். எவளும் என் மூஞ்சியப் பாத்ததில்ல. நீயாவது தெரிவேன்னு நெனச்சேன். நீ நல்ல நடிகன்தான் ஆம்ப்ரோஸ், யாரு இல்லன்னா? நல்ல நடிகன். வெளங்காத மனுஷன்."

அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனார்.

ஊருக்குத் திரும்ப முடியாது. நியூயார்க்கில் நாடகம் முடிந்துவிட்டது, எல்லோரும் விருந்து வைத்து வழியனுப்பியாயிற்று. ஸ்டூடியோ பெரிய மனது பண்ணி ஒரு வேஷம் கொடுத்தது. சுரங்கத்தின் கேட் காவலாளி. நாலு வரி. முதலாளியின் காரை நிறுத்தி, "சைலஸ் கொட்டகைலதாங்க இருக்கான்" என்று வழிகாட்ட வேண்டும். இரண்டு நாளில் வேலை முடிந்தது. கடைசிக் காட்சி எடுத்த அன்று அவருக்கு அங்கே இடமே இல்லை. வேறொரு படத்தில் ஓட்டல் சிப்பந்தியாகப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் படம் வந்தது. டீலியா டெலிபோனில் கூப்பிட்டாள். ஊரே திரண்டு வருகிறது, தியேட்டர்காரர் மிஸ்டர் கோர்மன் வாசலில் உன் பேர் எழுதின துணி கட்டியிருக்கிறார், நீ வந்தே ஆகணும் என்றாள். "நீ சைலஸ் இல்லன்னு போஸ்டரப் பாத்தாலே தெரியுதுடா. அந்தக் குடிகாரன் எவ்ளோ குடுத்து உள்ள வந்தானோ. பரவால்ல. நீ படத்துல இருக்கேல்ல?"

"இருக்கேன் அக்கா."

பொய்யில்லை. அவருக்குத் தெரிந்தவரை இருந்தார். ஸ்டூடியோ காட்டிய முன்னோட்டத்துக்கு நாலு வரிக்காரர்களைக் கூப்பிடுகிற வழக்கமில்லை. வெர்னா வரமாட்டேன் என்றாள், பிறகு தானே பெட்டி கட்டினாள்.

டிராயில் தியேட்டர் நிரம்பி வழிந்தது. ஆலைக்காரர்கள், பாதிரியார், கூடப் படித்தவர்கள், அம்மாவின் தங்கை கேத்தலீன் சித்தி, எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தார்கள். நடுவரிசையில் அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் டல்லியை உட்காரவைத்தார்கள். படம் ஓடியது. முதலாளியின் கார் வந்தது. டல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். கார் நேராகக் கொட்டகை வாசலில் போய் நின்றது. கேட்டே இல்லை. காவலாளியும் இல்லை. வெட்டி எறிந்துவிட்டார்கள்.

"இன்னும் வரலியேடா?" என்று காதில் கேட்டாள் டீலியா.

"கொஞ்சம் இரு."

எதற்காக இருக்கச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கடைசிக் காட்சியையும் மாற்றியிருந்தார்கள். ஜோனாவின் அந்த வரியும் இல்லை. சைலஸ் தொழிலாளிகள் கூட்டத்துக்கு முன்னால் நின்று உண்மையைச் சொல்கிறான். கேமராவுக்கு முன்னால் வரிசையாகத் தொப்பி வைத்த முதுகுகள், அவற்றுக்கு அப்பால் கரிங்டனின் முகம். டெஸ்டில் அழுத அதே அழுகையை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து அழுதான். தியேட்டர் முழுக்க விசும்பல். டல்லியின் மணிக்கட்டில் டீலியாவின் நகம் அழுந்தியது.

"அதோ! நீதானேடா அது? ஓரத்துலேர்ந்து மூணாவது. அகல முதுகு!"

அது யாரோ. அன்றாடக் கூலிக்கு வந்த ஆள். வெர்னாவுக்கும் அது தெரியும். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

விளக்கு போட்டதும் வெளி ஹாலில் ஜனங்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். பாதிரியார் மழையைப் பற்றிப் பேசினார். கோர்மன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, கீழே விடத் தெரியாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு ஆலைக்காரர் மட்டும் மனசில் பட்டதைக் கேட்டுவிட்டார். "நீ எங்கப்பா வந்த? நான் கண்ணு கொட்டாமத்தான் பாத்தேன்."

"கண்ணு இருந்தாத்தானே!" என்று குதித்தாள் டீலியா. முகமெல்லாம் பூரிப்பு. "கடைசில, சைலஸுக்கு நேர் எதிர்ல நிக்கறானே, மூணாவது ஆளு. என் தம்பி முதுகு எனக்குத் தெரியாதா? சனிக்கிழமைக்கு சனிக்கிழமை தொட்டில உக்காத்தி வச்சுத் தேச்ச முதுகு! அவன் அங்க நின்னு ஏதோ பண்ணப் போய்த்தான் அந்தக் குடிகாரனுக்கு அழுகையே வந்துது. இல்லையாடா?"

ஹாலில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கேத்தலீன் சித்தி வாயைத் திறந்தபடி பார்த்தாள். இல்லை என்று சொன்னால் அக்கா ஊருக்கு நடுவில் நின்று மூக்கறுபட வேண்டும். ஆமாம் என்றால், எவனோ ஒருவனுடைய முதுகைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

"ஆமா" என்றார் டல்லி. "நான்தான்."

ஹாலே பெருமூச்சு விட்டது. பாராட்ட ஏதோ ஒன்று கிடைத்துவிட்டதே என்று எல்லோருக்கும் நிம்மதி. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். நாங்களும் பார்த்தோம், நல்ல கம்பீரம், மத்த முதுகெல்லாம் சும்மா நின்றது, அது மட்டும் பேசியது என்றார்கள். கோர்மனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மிஸ்டர் டல்லி, ஒரே ஒரு தடவ திரும்பி நின்னு காட்டுங்களேன். படத்துல நின்ன மாதிரியே. எல்லாரும் பாக்கட்டும்."

யாரோ ஒரு தொப்பியைக் கொண்டுவந்து அவர் தலையில் வைத்தார்கள். டல்லி திரும்பினார். திரும்பிய பக்கம் சுவர், சுவரோரம் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக வெர்னா. அந்த ஹாலில் அவருடைய முகம் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்க அவளால் முடியவில்லை. குனிந்து பித்தானைப் போட ஆரம்பித்தாள்.

பின்னால் கைதட்டல் பலமாக எழுந்தது.

"அப்படியே இருடா, நகராத" என்றாள் டீலியா. "சித்திக்குக் கூட்டம் மறைக்குதாம்."

டல்லி அப்படியே நின்றார்.